ஹோர்ட்டன் சமவெளியில் கூர்ப்புப் பாடம்: தமிழில் நடத்தப்படும் ஒரு கள நடை பற்றிய மதிப்புரை

மலையகத்தில் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குக் கூர்ப்பு (பரிணாமம்) என்பது, பரீட்சை நெருங்கும் வாரங்களில் அவசரமாக எழுதிக்கொடுக்கப்படும் ஒரு குறிப்பாகவே வந்து சேர்கிறது. லமார்க்குக்கு ஐந்து வரி, டார்வினுக்குப் பத்து வரி, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துப் படம் ஒன்று. அத்துடன் பாடம் முடிந்துவிடும். அந்தப் பத்து வரியை உலகுக்குச் சொல்ல ஒரு மனிதர் ஏன் இருபது ஆண்டுகளுக்கு மேல் தயங்கினார், வேறொருவர் தொலைதூரத் தீவொன்றில் காய்ச்சலில் கிடந்தபடி அதே முடிவுக்கு எப்படி வந்தார், நாம் தினமும் பார்க்கும் மலைகளுக்கும் அந்த வரலாற்றுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விகள் வகுப்பறை வாசலைத் தாண்டுவதில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் நோக்குடன், நுவரெலியாவைத் தளமாகக் கொண்ட ஒரு சிறு குழுவினர் வார இறுதிகளில் முழுக்க முழுக்கத் தமிழில் நடத்திவரும் கள நடையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். குறைகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்வேன். ஆனால் உயிரியல் படிக்கும் ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவுகளில் இது ஒன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது பெயர்ப்பலகை மாட்டிய நிறுவனம் அன்று. பல தோட்டப் பாடசாலைகளில் கற்பித்து ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவரும், வனவிலங்கு வழிகாட்டிகளாகப் பழகிய இரண்டு இளைஞர்களும் சேர்ந்து நடத்துவது. வாய்வழியாகவே ஆட்கள் சேர்கிறார்கள். சனிக்கிழமை மாலையில் ஒரு மண்டபத்தில் இரண்டு மணி நேர உரை. மறுநாள் விடியுமுன்னே வேனில் புறப்பட்டுப் பட்டிப்பொல வழியாக ஹோர்ட்டன் சமவெளி. பிற்பகலில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை மலை. இதுதான் ஒழுங்கு. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் அக்காவின் மகளை அழைத்துச் சென்றேன். எங்களுடன் வந்தவர்களில் பாதிப்பேர் மாணவர்கள். மற்றவர்கள் ஆசிரியர்களும் பெற்றோரும்.

மாலை உரை டார்வினில் தொடங்கவில்லை என்பதே எனக்கு முதலில் பிடித்த விடயம். அது ஒரு யானையில் தொடங்கியது, அதுவும் இலங்கை யானையில். 1795 இல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்தைக் கைப்பற்றியபோது அங்கிருந்த இயற்கைப் பொருட் சேகரிப்பு பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதில் இலங்கையிலிருந்து போன ஒரு யானையின் மண்டையோடும், தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து போன ஒரு யானையின் மண்டையோடும் இருந்தன. ஜோர்ஜ் கியூவியே என்ற இளம் உடற்கூற்றியலாளர் அவ்விரண்டையும் பல்லுக்குப் பல், எலும்புக்கு எலும்பு ஒப்பிட்டு, குதிரையும் கழுதையும் வேறுபடுவதைவிட இவை அதிகமாக வேறுபடுகின்றன, ஆகவே இவை இரண்டு தனித்தனி இனங்கள் என்று 1796 இல் காட்டினார். அதே அளவுகோலைச் சைபீரியாவில் கிடைத்த மமத் என்னும் பழங்கால யானையின் எலும்புகளுக்குப் பிரயோகித்தபோது, அவை இவ்விரண்டிலும் சேராத, இன்று எங்கும் உயிருடன் இல்லாத ஓர் இனத்துக்குரியவை என்ற முடிவுக்கு வந்தார். ஓர் உயிரினம் பூமியிலிருந்து அடியோடு அழிந்துபோக முடியும் என்பதை அதுவரை அறிஞர்கள் பலர் ஏற்கத் தயாராக இருக்கவில்லை. கியூவியே இனங்கள் மாறும் என்பதை இறுதிவரை நம்பவில்லை. இருந்தும் இனங்கள் அழியும் என்பதை அவர் நிறுவியிராவிட்டால், அழிந்தவற்றின் இடத்தில் புதியவை எங்கிருந்து வந்தன என்ற கேள்வி எழுந்தே இருக்காது. ஆசிரியர் இதைச் சொல்லி முடித்தபோது மண்டபத்தின் பின்வரிசையில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள்கூட நிமிர்ந்திருந்தார்கள். நம் நாட்டு யானையின் மண்டையோடு இந்த வரலாற்றின் முதல் படிகளில் ஒன்றாகக் கிடக்கிறது என்பதை எந்தக் குறிப்புப் புத்தகமும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

அதன் பின்னர் உரை சீராக நகர்ந்தது. இனங்கள் மாறுகின்றன என்று 1809 இல் துணிந்து எழுதியவர் லமார்க் என்பதையும், அவர் சொன்ன வழிமுறை பிழையானாலும் அவருடைய துணிவு பிழையன்று என்பதையும் ஆசிரியர் நிதானமாக எடுத்துரைத்தார். உலகைச் சுற்றிவர பீகிள் கப்பல் 1831 டிசம்பரில் புறப்பட்டபோது, அதில் பயணம் செய்த டார்வினின் கையில் சார்ள்ஸ் லயலின் புவியியல் நூலின் முதற் பாகம் இருந்தது. இன்று நம் கண்முன் நடக்கும் மழையும் ஆறும் நிலநடுக்கமுமே நீண்ட காலத்தில் மலைகளை எழுப்பவும் கரைக்கவும் போதுமானவை என்பது அந்நூலின் வாதம். 1835 இல் சிலியில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தின் பின் கரையோர நிலம் சில அடி உயர்ந்திருந்ததை டார்வின் தாமே கண்டார். சிறு மாற்றங்கள் நீண்ட காலத்தில் சேர்ந்து பெரிதாகும் என்ற எண்ணம் உயிர்களைப் பற்றி அவருக்கு வருவதற்கு முன்னர் பாறைகளைப் பற்றி வந்துவிட்டது என்று ஆசிரியர் சொன்ன விதம் மிகத் தெளிவாக இருந்தது. பொருளியலாளர் மல்தஸ் எழுதிய மக்கட்தொகைக் கட்டுரையை 1838 செப்டெம்பரில் டார்வின் வாசித்ததும், பிறப்பவை எல்லாம் பிழைப்பதில்லை, பிழைப்பவை எவை என்பதில்தான் விடை இருக்கிறது என்று கண்டுகொண்டதும், அதன் பின்னரும் வெளியிடாமல் 1842 இல் ஒரு சுருக்கம், 1844 இல் ஒரு நீண்ட கட்டுரை என எழுதி வைத்துவிட்டு, எட்டு ஆண்டுகளைக் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிறு உயிரிகளை வகைப்படுத்துவதில் செலவிட்டதும் விரிவாகச் சொல்லப்பட்டன.

இங்கே ஒரு திருத்தம் தேவை. உரையின் நடுவில் இளம் வழிகாட்டிகளில் ஒருவர், பீகிள் பயணத்தின்போது கலாபகசுத் தீவுகளில் பிஞ்ச் குருவிகளின் அலகுகளைப் பார்த்த உடனேயே டார்வினுக்குக் கூர்ப்புக் கொள்கை தோன்றிவிட்டது என்று சொன்னார். பாடப் புத்தகங்களும் இப்படியே சொல்லிப் பழகிவிட்டன; நடந்தது அதுவன்று. தீவுக்குத் தீவு வேறுபடுவதாக டார்வின் அங்கே கவனித்தவை முதன்மையாகப் பிஞ்சுகள் அல்ல, மொக்கிங் பறவைகளே. பிஞ்சுகளை எந்தத் தீவில் பிடித்தோம் என்பதைக்கூட அவர் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. இலண்டன் திரும்பிய பின்னர், 1837 இன் தொடக்கத்தில், ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் அந்த மாதிரிகளைப் பரிசோதித்து, இவை நெருங்கிய உறவுடைய தனித்தனி இனங்கள் என்று அறிவித்த போதுதான் விடயத்தின் கனம் டார்வினுக்கு உறைத்தது. ஒரு கொள்கை எப்படி உருவானது என்பதையே தலைப்பாகக் கொண்ட உரையில் இந்த இடம் பிசகக் கூடாது. ஏனென்றால் கண்டவுடன் ஞானம் பிறந்தது என்ற கதை, அறிவியல் எவ்வளவு மெதுவாகவும் எத்தனை பேரின் கை உதவியுடனும் நடக்கிறது என்பதைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிடுகிறது. ஆசிரியர் இதை மேடையிலேயே மென்மையாகத் திருத்தினார் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

அல்பிரட் ரசல் வொலசுக்குக் கிடைத்த நேரம் போதாது. மலாயத் தீவுக்கூட்டத்தில் சேகரிப்பாளராக அலைந்து, தாம் பிடித்த பூச்சிகளையும் பறவைகளையும் விற்றே பிழைத்த அந்த மனிதர் 1858 இல் காய்ச்சலின் நடுவே, பிழைப்பவற்றின் இயல்புகளே தலைமுறைகளில் பெருகும் என்ற இதே இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்து, அந்தக் கட்டுரையை டார்வினுக்கே அனுப்பிவைத்ததும், அதே ஆண்டு ஜூலை 1 ஆம் திகதி இலண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவருடைய எழுத்துகளும் ஒன்றாக வாசிக்கப்பட்டதும் சில நிமிடங்களில் ஓட்டிச் செல்லப்பட்டன. அந்தக் கூட்டத்துக்கு இருவருமே வரவில்லை. வொலஸ் கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்தார், டார்வினோ கைக்குழந்தையை இழந்து சில நாட்களே ஆகியிருந்தன. பல்கலைக்கழகப் படிப்போ குடும்பச் செல்வமோ இல்லாமல் தம் கண்ணையும் கால்களையும் மட்டும் நம்பி இவ்வளவு தூரம் வந்த வொலசின் வாழ்க்கை, தோட்டத்திலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு டார்வினின் வாழ்க்கையைவிட நெருக்கமாக இருக்கும் என்பது என் கருத்து. உரையில் அவருக்கு அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

மறுநாள் காலை சமவெளியில் நடந்ததுதான் இந்தச் சேவையின் உயிர். பூங்கா வாயிலில் பொலித்தீன் உறைகளைக் களையும் சோதனை முடிந்து, சுமார் ஒன்பது கிலோமீற்றர் வட்டப் பாதையில் இறங்கியதும் முதலில் நின்ற இடம் ஒரு மகரத்மல் மரத்தடி. சிவந்த பூக்களைக் கொத்தாகப் பூக்கும் இந்த ரோடோடென்றன் மரம் இங்கே, 2,100 மீற்றருக்கு மேற்பட்ட குளிர்ந்த புல்வெளியில் வளர்கிறது. இதன் நெருங்கிய உறவுகள் தமிழ்நாட்டின் நீலகிரியிலும், அதற்கப்பால் இமயமலைச் சாரலிலும் வளர்கின்றன. இடையில் கிடக்கும் வெப்பமான தாழ்நிலத்தில் எங்கும் இதைக் காண முடியாது. விதை பறந்து வந்ததா, யாராவது கொண்டுவந்து நட்டார்களா என்று ஆசிரியர் கேட்டுவிட்டு, 1859 நவம்பரில் வெளிவந்த டார்வினின் நூலிலிருந்து ஒரு பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டினார். இமயத்திலும், இந்தியத் தீபகற்பத்தின் தனித்த மலைத்தொடர்களிலும், இலங்கையின் உயரங்களிலும், ஜாவாவின் எரிமலைகளிலும், ஒன்றேயான அல்லது ஒன்றையொன்று ஒத்த தாவரங்கள் காணப்படுகின்றன, இடைப்பட்ட வெப்பத் தாழ்நிலங்களில் அவை இல்லை என்பது அப்பகுதியின் பொருள். இலங்கைக்கு ஒருபோதும் வராத டார்வின் நம் மலைகளைத் தம் வாதத்தில் ஒரு சாட்சியாக நிறுத்தியிருக்கிறார். பனிக்காலங்களில் பூமி குளிர்ந்தபோது இந்தத் தாவரங்கள் தாழ்நிலங்களுக்கு இறங்கிப் பரவியிருக்க வேண்டும், மீண்டும் வெப்பம் ஏறியபோது மலைகளில் ஏறித் தஞ்சமடைந்து ஒன்றையொன்று பிரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய விளக்கம். இதே சமவெளியின் சதுப்புச் சேற்றைத் துளைத்தெடுத்து, அதில் அடுக்கடுக்காகப் புதைந்திருந்த மகரந்தத் தூளை ஆராய்ந்தவர்கள் ஏறத்தாழ 24,000 ஆண்டுக் காலநிலை மாற்றத்தை அதில் வாசித்திருக்கிறார்கள். காலடியில் நீர் கசியும் கறுத்த மண்ணைக் காட்டி ஆசிரியர் இதைச் சொன்னபோது, காலம் என்பது பாடப் புத்தகத்தின் எண்ணாக இல்லாமல் கையில் தொடக்கூடிய பொருளாக இருந்தது.

அடுத்த நிறுத்தம் கொம்பு ஓணானுக்காக. பாதையோரம் பாசி படர்ந்த ஒரு மரத்தண்டில், கையகலத்துக்கு மேல் இல்லாத அளவில், அசையாமல் அது ஒட்டியிருந்தது. வழிகாட்டிப் பையன் காட்டியிராவிட்டால் எங்களில் எவரும் கண்டிருக்க மாட்டோம். மூக்கு நுனியில் வெண்மையான, கூர்மையான ஒற்றைக் கொம்பு. அதிலிருந்து இரண்டடி தள்ளி நின்றபடி ஆசிரியர் தம் பையிலிருந்து ஒரு நிழற்பிரதியை எடுத்தார். துணையைப் பெற உதவும் இயல்புகள் பெருகும் என்ற பாலியல் தேர்வு பற்றி 1871 இல் டார்வின் எழுதிய நூலில், இதே இனத்தின் ஆணையும் பெண்ணையும் மேலும் கீழுமாக வரைந்த படம் அது. ஆணுக்குக் கொம்பு பெரிது, பெண்ணுக்கோ மிகச் சிறிது. சேவலின் கொண்டையைப் போல இதுவும் ஓர் அலங்காரமாகவே இருக்கலாம் என்று டார்வின் கருதினார். அந்தப் படத்தில் இருந்த தலையின் வளைவும் எங்கள் முன்னால் இருந்த ஓணானின் தலையின் வளைவும் ஒன்றாக இருந்ததைப் பிள்ளைகள் மாறி மாறிப் பார்த்தார்கள். இதற்கு நக்கிள்ஸ் மலையில் ஓர் உறவினர் உண்டு, அதன் மூக்கில் இருப்பது இலை வடிவத் தட்டு. வேறு மலைக்காடுகளில் கொம்பு அநேகமாக இல்லாத உறவினர்களும் உண்டு. ஒரே நாட்டுக்குள், ஒரு நாள் பயணத் தூரத்தில், ஒரே சாதியின் (பேரினத்தின்) இனங்கள் மலைக்கு மலை பிரிந்து நிற்பதைக் காட்ட நாம் கலாபகசுவுக்குப் போக வேண்டியதில்லை.

நடையின் மிகச் சிறந்த கணம் அதற்குச் சற்றுப் பின்னர் வந்தது. குட்டையான உடலும், கிளையைச் சுற்றிப் பிடிக்கும் வாலும் கொண்ட இன்னொரு ஓணானை வழிகாட்டி புதர்க் கிளையொன்றில் காட்டினார். மற்ற ஓணான்களைப் போல மண்ணில் முட்டையிடாமல், குட்டிகளாகவே ஈனும் இனம் அது. குளிர்ந்த மண்ணில் முட்டை வளர்வது கடினம், தாயின் உடலுக்குள் இருந்தால் தாய் வெயில் படும் இடத்துக்கு நகர்ந்து அதற்குச் சூடு கொடுக்க முடியும் என்று ஆசிரியர் விளக்கினார். உடனே அக்காவின் மகள் கேட்டாள்: "அப்ப சேர், மண்ணு குளிரா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு இது குட்டி போடப் பழகிக்கிச்சா?" ஆசிரியர் நடையை நிறுத்திவிட்டு எல்லோரையும் வட்டமாக நிற்கச் சொன்னார். "இல்ல புள்ள, அதுக்கு ஒண்ணும் தெரியாது. முட்டைய வயித்துல ரெண்டு நாள் கூட வச்சிருந்த தாயும் இருந்திருக்கும், சீக்கிரமா போட்ட தாயும் இருந்திருக்கும். குளிர்ல எதோட குஞ்சு கூடுதலா பொழைச்சிச்சு? அந்தக் குஞ்சு அம்மா மாதிரியே இருந்துச்சுன்னா, அடுத்த தலைமுறைல அந்த மாதிரி எத்தன இருக்கும்? இப்ப இத ஆயிரமாயிரம் தலைமுறைக்குப் போட்டுப் பாரு." பிள்ளை சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மாறினது ஓணான் இல்ல சேர், ஓணான் கூட்டம்" என்றாள். உயர்தர உயிரியல் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் பிழைவிடும் இடம் இதுவே: தேவையை உணர்ந்து உயிரினம் தன்னை மாற்றிக்கொள்கிறது என்ற எண்ணம். அது ஒரு புதரின் முன்னால் ஐந்து நிமிடத்தில் கழன்று போயிற்று.

ஆசிரியர் அத்துடன் நிறுத்தாததுதான் அவருடைய நேர்மை. இதே குளிரில், இதே சமவெளியில் வாழும் கொம்பு ஓணானும், கறுத்த கன்னமுடைய மற்ற ஓணானும் முட்டைதான் இடுகின்றன என்பதை அவரே எடுத்துச் சொன்னார். குளிர் என்ற ஒரே சிக்கலுக்கு எல்லா உயிர்களும் ஒரே விடையைக் காண வேண்டும் என்ற விதி கிடையாது. ஒவ்வொன்றும் தன் மூதாதையரிடமிருந்து எதைப் பெற்றதோ அதை வைத்தே தொடர முடியும். தம் விளக்கத்துக்கு இடைஞ்சலான உதாரணத்தை மாணவர்கள் கேட்குமுன் தாமே முன்வைக்கும் ஆசிரியரைக் காண்பது அரிது. டார்வினும் தம் நூலில் கொள்கைக்கு எதிரான கடினங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார் என்பதை இங்கே அவர் சேர்த்துக்கொண்டது பொருத்தமாக இருந்தது.

செடித்தவளைகள் பற்றிய பகுதி குறுகியது. பகலில் அவற்றின் குரல் மட்டுமே கேட்டது. நீரில் வாற்பேய்ப் பருவத்தைக் கழிக்காமல், முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாக வளர்ந்து வெளிவரும் இவற்றின் வாழ்க்கை வட்டத்தை அட்டைப் படங்களின் உதவியால் விளக்கினார்கள். கடல் மட்டம் தாழ்ந்த காலங்களில் இந்தியாவுடன் நிலம் இணைந்திருந்தும், இலங்கையின் தவளைகள், நன்னீர் நண்டுகள், மீன்கள் பலவும் தமக்கெனத் தனிக் கிளைகளாக இருப்பதை 2004 இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று காட்டியதையும் சொன்னார்கள். தூரத்து மரத்தில் கரடிக் குரங்குக் கூட்டமொன்று தென்பட்டபோது, வந்திருந்த தகப்பன் ஒருவர், மனிதன் இந்தக் குரங்கிலிருந்தா வந்தான் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டார். இந்தக் குரங்கு நமக்குப் பாட்டனும் அன்று, நாம் அதற்குப் பேரனும் அல்லர், மிகப் பழைய ஒரு மூதாதையரிடமிருந்து பிரிந்த இரண்டு கிளைகள் என்று ஆசிரியர் பணிவுடன் விடை சொன்னார். அந்தத் தகப்பனுடைய நம்பிக்கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கீழ்நாட்டில் வாழும் இதே இனத்துக்கு இவ்வளவு அடர்ந்த உரோமம் இல்லை என்பதையும், இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு, துணையினம், தனி இனம் என்பவற்றுக்கிடையே கூர்மையான எல்லை இல்லை என்பதே டார்வினின் முக்கியமான வாதங்களில் ஒன்று என்பதையும் அதனுடன் இணைத்தார்கள்.

ஏறத்தாழ 880 மீற்றர் செங்குத்தாக இறங்கும் உலக முடிவு என்னும் மலை விளிம்பை நாங்கள் அடைந்தபோது பனிமூட்டம் மூடிவிட்டது. செருமனியில் டார்வினின் கொள்கையைப் பரப்பிய ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1882 இல் இதே இடத்துக்கு வந்து போனார் என்ற செய்தியுடன் அந்தப் பகுதி முடிந்தது. காட்சி பார்க்கவென்றே வருபவர்கள் ஏமாறலாம். பாடத்துக்கு அதனால் குறைவில்லை.

பிற்பகலில் தேயிலை மலைக்குச் சென்றது எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சியைத் தந்தது. டார்வின் தம் நூலை இயற்கையில் தொடங்காமல் மனிதர் வளர்க்கும் உயிர்களில், குறிப்பாகப் புறாக்களில் தொடங்கினார். அதற்காக 1855 முதல் தாமே புறா வளர்த்தார். புறாவுக்குப் பதிலாக நம்மிடம் தேயிலை இருக்கிறது. அடுத்தடுத்து நின்ற இரண்டு மலைகளை எங்களுக்குக் காட்டினார்கள். ஒன்றில் பழைய விதைத் தேயிலை: பக்கத்துப் பக்கத்துச் செடிகளில் ஒன்றின் இலை வெளிறி அகன்றிருந்தது, மற்றதன் இலை கரும்பச்சையாய் ஒடுங்கியிருந்தது, ஒன்று கொழுந்து விட்டிருக்க மற்றது இன்னும் வங்கியாகவே, அதாவது கொழுந்து விடாமல் உறங்கும் மொட்டாகவே, நின்றது. மற்றதில் வீ.பி. தேயிலை: ஒரே தாய்ச் செடியிலிருந்து வெட்டி நட்ட தண்டுகள், நிறமும் உயரமும் கொழுந்து விடும் காலமும் வரிசை முழுக்க ஒன்றே. தேயிலைப் பூ பெரும்பாலும் அயன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பதால் ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலவை. அந்தக் கலவைகளுக்குள் நல்ல விளைச்சல் தரும் செடியைத் தேடி எடுத்துப் பெருக்கியதுதான் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டீ.ஆர்.ஐ. 2025 போன்ற தெரிவுகள். இயற்கையில் அந்தத் தேர்வைச் செய்பவர் எவருமில்லை, பிழைப்பும் சாவும் மட்டுமே உண்டு என்ற ஒரு வாக்கியத்தில் ஆசிரியர் டார்வினின் முதல் அத்தியாயத்திலிருந்து நான்காம் அத்தியாயத்துக்குத் தாண்டிவிட்டார். அந்த மலையில் வாழ்நாள் முழுவதும் கொழுந்தெடுத்த ஓர் அம்மா எங்களுடன் நின்று, விதைச் செடியில் எது எப்போது கொழுந்து விடும் என்று கை தொட்டே சொன்னார். மாறல்களை, அதாவது செடிக்குச் செடி உள்ள வேறுபாடுகளைப் பற்றி அன்று பேசியவர்களில் மிகத் துல்லியமாகப் பேசியவர் அவரே. அடுத்த நடைகளில் அவரைப் போன்றவர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்து, முறையான இடமும் தர வேண்டும் என்று குழுவினரிடம் கேட்டுக்கொண்டேன்.

இதே மலைகளில் தேயிலைக்கு முன்பு கோப்பி இருந்ததையும், 1869 இல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட இலைத் துரு என்ற பூஞ்சண நோய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அந்தப் பயிரையே அழித்துவிட்டதையும் சொன்னார்கள். நோய் கண்ட இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தவர் பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த த்வைட்ஸ். டார்வினுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவரும் அவரே. ஒரே தன்மையான செடிகள் மலை மலையாக நிற்குமிடத்தில், எதிர்த்து நிற்கக்கூடிய மாறல் எதுவும் இல்லாதபோது ஒரு பூஞ்சணம் என்ன செய்யும் என்பதற்கு மலையக மக்களின் வரலாற்றையே மாற்றிய இந்த நிகழ்வைவிடச் சிறந்த பாடம் இருக்க முடியாது. அதை இன்னும் விரித்திருக்கலாம்.

பெரிய குறை மெண்டலைப் பற்றியது. இயல்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகின்றன என்பது டார்வினுக்குத் தெரியாது. தாய் தந்தை இயல்புகள் நிறங்களைப் போலக் கலந்துவிடும் என்றால் எந்த நல்ல மாறலும் சில தலைமுறைகளில் கரைந்துபோகும் என்ற எதிர்ப்புக்கு அவரால் நிறைவான விடை சொல்ல முடியவில்லை. அவர் உயிருடன் இருந்தபோதே, 1866 இல், மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு எழுதிய விடை அச்சாகியிருந்தது. 1900 வரை அதை எவரும் பொருட்படுத்தவில்லை. பிறப்புரிமையியலும் (மரபியலும்) இயற்கைத் தேர்வும் 1930களிலும் 1940களிலும் ஒன்றிணைந்த பிறகே இந்தக் கொள்கை இன்றைய உறுதியைப் பெற்றது. கொள்கை எப்படி உருவானது என்று சொல்ல முன்வரும் எவரும் 1859 உடன் நிறுத்திக்கொள்ள முடியாது. வேன் திரும்பும் வழியில் இதைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார்கள். களைத்த பிள்ளைகள் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். இந்தப் பகுதியைத் தேயிலை மலையிலேயே, விதைச் செடிகளின் நடுவில் நின்று சொல்லலாம்.

செலவையும் வசதியையும் பற்றிச் சில வார்த்தைகள். கட்டணத்தில் வேன், காலை ரொட்டியும் சம்பலும், மதியச் சோறு, அச்சிட்ட குறிப்பேடு ஆகியவை அடங்கும். பூங்கா நுழைவுச்சீட்டுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதுவும் பாரமாக இருக்கலாம். கேட்டால் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதை நேரில் கண்டேன். குறிப்பேட்டின் உள்ளடக்கம் சிறந்தது, அச்சு மோசம்: ஓணான் படங்கள் கறுத்துப்போய் ஆண் பெண் வேறுபாடு தெரியவில்லை. பாதையில் கழிப்பிடம் தொடக்கத்தில் மட்டுமே உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வட்டப் பாதையின் சில இறக்கங்கள் கடினம். அவர்கள் மாலை உரைக்கும் தேயிலை மலைக்கும் மட்டும் வரலாம், அதற்கு ஏற்ற கட்டணமும் வைத்திருக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு வேன் அளவு ஆட்களையே சேர்க்கிறார்கள், அதை மாற்றாமல் இருப்பது நல்லது. கூட்டம் கூடினால் அந்த ஓணான் நிற்கும் மரத்தண்டை எவரும் காண முடியாது.

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிந்திருக்கும், ஆனால் விடியலில் புல் மேல் உறைபனி படியும் அளவுக்குக் குளிரும். கம்பளிச் சட்டையும் தொப்பியும் கட்டாயம். பாடசாலையாகச் சேர்ந்து போக விரும்பும் ஆசிரியர்கள், கூர்ப்புப் பாடத்தைத் தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகளை அழைத்துச் செல்வது நல்லது என்பேன். பாடத்தை முடித்துவிட்டுப் போனால் அவர்கள் குறிப்பிலுள்ள விடைகளைச் சரிபார்த்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். முன்பே போனால் கேள்விகளோடு வகுப்புக்கு வருவார்கள்.